உப்பு பார்க்க ஆளில்லாத நாள்

நோன்பு மாதம் பிறந்தால் சேகு நகரத்து அரிசி ஆலையில் எல்லோருக்கும் மூக்கின் மேல் கோபம் வரும். மாசிதான் கூலிபாலி என்ற சமையற்காரிக்கு மட்டும் சிரிப்பு வரும். காலையில் சரியாகத்தான் இருப்பாள். மதிய லுஹர் தொழுகை தாண்டி, வயிறு காலியாகித் தலை லேசானதும் தொடங்கிவிடும். கரண்டி கை நழுவினால் சிரிப்பாள். வெங்காயம் உருண்டு ஓடினால் அதைப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்று கண்ணீர் வரச் சிரிப்பாள். நாற்பத்து மூன்று வயது, பேரன் எடுத்தவள். அடக்க முயன்றால் இன்னும் மோசம், விக்கல் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் வேலை விளையாட்டல்ல. அறுவடை நெல் வந்து குவியும் நாட்களில் ஆலை இரவும் பகலும் ஓடும். நோன்பில்லாதவர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் மதியச் சாப்பாடு. மாலையில் இரவு ஷிப்டுக்கு நோன்பு திறக்கச் சாப்பாடு. பகல் முழுக்க அடுப்பின் முன்னால் நின்று, கடலைக் குழம்பின் வாசத்தை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, அவள் பதினான்கு வருடமாக ஒரு நோன்பையும் விட்டதில்லை.

சரியாகச் சொன்னால் ஒன்று போயிற்று. நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிட்டால் தவறில்லை என்று இமாம் சொல்லியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த வருடம் அப்படித்தான் குழம்பைத் தொட்டு வைத்தாள். துப்பலாம் என்று திரும்பியபோது துப்புவதற்கு வாயில் ஒன்றும் இருக்கவில்லை. அந்த நோன்பைப் பிறகு திரும்ப நோற்றாள். அன்றிலிருந்து தன் நாக்கின் மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. உப்பு பார்ப்பது ஸ்டோர் கீப்பர் எதியேன் தேராவின் வேலை ஆயிற்று. அவர் கிறிஸ்தவர். பதினொரு மணிக்கு ஒரு தரம், ஐந்து மணிக்கு ஒரு தரம் வந்து ஒரு கரண்டி குடித்துத் தலையாட்டிவிட்டுப் போவார்.

இந்த வருடம்தான் வந்தது வினை. நோன்பின் முதல் நாளும் கிறிஸ்தவர்களின் திருநீற்றுப் புதனும் ஒரே நாளில் விழுந்தன. அன்றைக்கென்று பார்த்து, தலைநகர் பமாகோவிலிருந்து அரிசி வாங்க வரும் ஹாஜி துரேயையும் அவர் ஆட்களையும் ஆலையிலேயே நோன்பு திறக்க வரச் சொல்லியிருந்தார் மேனேஜர். இரவு ஷிப்டையும் சேர்த்து மொத்தம் நாற்பது பேர்.

மாலை ஐந்து மணிக்கு நெற்றியில் சாம்பலோடு வந்த எதியேனிடம் மாசிதான் கரண்டியை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு நானும் விரதம்மா. ராத்திரி ஒரு வேளைதான்."

"உங்க ஆளுங்களுக்கும் இன்னிக்குத்தானா அண்ணே நாள் கெடச்சுது?" என்றாள். அவ்வளவுதான், சிரிப்பு பிடித்துக்கொண்டது. அவருக்கும் தொற்றி, இருவரும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சல்லடைப் பிரிவுப் பெண்கள் நான்கு பேரையும் கேட்டாள். நான்கு பேரும் நோன்பு. காவலாளி நோன்பு. முதல் நோன்பைக் குடும்பத்தோடு திறக்க வேண்டுமென்று லாரிக்காரர்கள் விடியும் முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அடுப்பில் கடலைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு போட்டதாக ஒரு ஞாபகம். போடவில்லை என்று இன்னொரு ஞாபகம்.

மணி ஐந்தரை ஆனபோது கிழிந்த டயரோடு ஒரு லாரி வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவன் பகாரி கெய்தா. தொலைதூரப் பயணத்தில் இருந்ததால் நோன்பைப் பிற்பாடு நோற்கலாமென்று விட்டிருந்தான். கெய்தாக்களுக்கும் கூலிபாலிகளுக்கும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கேலி முறை. பயறுதின்னி, அடிமை என்று எதைச் சொன்னாலும் கோபிக்கக் கூடாது. கேட்ட உதவியை மறுக்கவும் கூடாது. பதினொரு வருடப் பழக்கத்தில் அவன் அவளிடம் கேலியில்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாசிதான் கிண்ணத்தோடு ஓடிவருவதைப் பார்த்து அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"என்ன பயறுதின்னி, நீயே கூப்பிட்டுச் சோறு போடுற? வெஷம் கிஷம் கலந்துட்டியா?"

"உப்பு இருக்கா பாத்துச் சொல்லு. வெளயாட நேரமில்ல."

"ராஜ வம்சத்து நாக்கு, சும்மா நீளாது. நீ எங்க வீட்டு அடிமைன்னு மொதல்ல சொல்லு."

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மாசிதான் சொன்னாள். சத்தமாகச் சொல்லச் சொன்னான், சொன்னாள். கூலிபாலிகள் தட்டைப்பயறைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறவர்கள் என்றும் சொல்லச் சொன்னான். அதைப் பாதி சொல்வதற்குள் சிரிப்பு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் ஒரு கிண்ணத்தைக் குடித்துவிட்டு, உப்பே இல்லை என்றான். நிச்சயமாகச் சொல்ல இன்னொன்று வேண்டுமென்றான். அதையும் வழித்துவிட்டு மூன்றாவது கேட்டான்.

"இப்பவும் சொல்றேன். உப்பே இல்ல" என்று வாயைத் துடைத்தான்.

மாசிதான் யோசித்தாள். உப்பில்லாத குழம்பை எவனாவது மூன்று கிண்ணம் குடிப்பானா? அதுவும் இவன், இத்தனை வருடத்தில் ஒரு உண்மை சொன்னவனா? உப்பு திட்டமாக இருக்கிறது, கெடுக்கப் பார்க்கிறான். அவள் குழம்பில் கை வைக்கவில்லை. பகாரி ராஜநடை போட்டு டயர் மாற்றப் போனான். போகும் வழியில் உமிக் குவியலில் வழுக்கி முழங்கால் வரை இறங்கினான். அதைப் பார்த்துச் சிரித்தபடியே அவள் இஞ்சிச் சாற்று அண்டாவுக்குச் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டாள்.

பாங்கு ஒலித்தது. ஆளுக்கொரு பேரீச்சம்பழம், ஒரு குவளை இஞ்சிச் சாறு. ஹாஜி துரே பிஸ்மில்லா சொல்லி ஒரு மிடறு விழுங்கினார். கண்ணை மூடினார். நாற்பது பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள், ஏனென்றால் நாற்பது பேர் வாயிலும் அதே சாறு. விருந்தாளியின் மரியாதைக்காக அவர் இன்னொரு மிடறு குடித்தார். வேறு வழியில்லாமல் எல்லோரும் குடித்தார்கள்.

மஃரிப் தொழுகைக்கு வரிசை நின்றது. பின்வரிசையில் பெண்களோடு சேரும் முன் மாசிதான் தன் குவளையை வாயில் வைத்தாள். சர்க்கரை மூட்டையும் உப்பு மூட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஹாஜிதான் தொழவைத்தார். 'அல்லாஹு அக்பர்' என்ற முதல் தக்பீரிலேயே அவர் குரல் உப்பில் கரகரத்து இரண்டாகப் பிளந்தது. நடுவரிசையில் யாரோ மூக்கால் ஒரு சத்தம் விட்டார். மாசிதானின் தோள்கள் குலுங்கின, பக்கத்துப் பெண்ணின் தோளும் குலுங்கியது, பிறகு வரிசை வரிசையாகத் தொழுகை உடைந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி நின்றார்கள். இரண்டாம் தடவை உடைத்தவர் ஹாஜியேதான். எல்லோரும் வெளியே போய் முகம் கழுவி, ஒருவரையொருவர் பார்க்காமல் வந்து நின்று, மூன்றாம் தடவை ஒழுங்காகத் தொழுது முடித்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் ஹாஜி சமையற்காரியைக் கூப்பிட்டனுப்பினார். மாசிதான் தலைத்துணி நுனியைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். மேனேஜர் அவளைப் பார்த்த பார்வையில் வேலை போயிருந்தது.

"உன் குடும்பப் பேரு என்னம்மா?"

"கூலிபாலிங்க."

ஹாஜி தொடையில் தட்டிக்கொண்டார். "அதான பாத்தேன். நான் துரே. ஒரு கூலிபாலி கையால தின்னுட்டு ஒரு துரே உசுரோட எந்திரிச்சுப் போறதே பெரிய விஷயம்." துரேக்களுக்கும் கூலிபாலிகளோடு கேலி முறைதான். பிறகு அவர், கடலைக் குழம்பில் உப்பு இவ்வளவு திட்டமாக பமாகோவில்கூடத் தான் சாப்பிட்டதில்லை என்றார். மேனேஜர் முகம் பூரித்தது.

எல்லோரும் போனபின் அடுப்படியில் எதியேனும் மாசிதானும் தட்டோடு உட்கார்ந்தார்கள். எதியேன் ஒரு வாய் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல உப்பே இல்லியே."

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். சுத்தமாக இல்லை. நாற்பது பேரும் வாய் நிறைய உப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்!

பகாரி அப்போது லாரியோடு சான் ஊரைத் தாண்டியிருப்பான். மாசிதான் போனை எடுத்தாள். கேலி உறவில் உண்மையை ஒப்புக்கொள்வது முறையில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"கெய்தா, நீ சொன்னது நெசந்தான். உப்பே இல்ல."

மறுமுனையில் இஞ்சின் சத்தத்தை மீறி அவன் சந்தேகமாக, "பயறுதின்னி, பொய் சொல்லாத. பசியில எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு? உப்பில்லேன்னு சும்மாதானே சொன்னேன்? இது எதுக்குப் பதிலடி?" என்றான்.

அவள் போனை எதியேனிடம் கொடுத்துவிட்டு, சிரித்துச் சிரித்து விக்கலெடுத்து, தண்ணீர்ப் பானையைத் தேடிப் போனாள்.