அட்டைப்படத்தில் எரிந்த விளக்கு

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றுதான் பெயர். அவ்வளவு பேச்சு. வேலை, தையற்கடையில் சட்டைக்குக் காலர் வைப்பது. அண்ணன் மாயாஜாலக் கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர். சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்ட பிறகு, செய்தித்தாளில் இருந்து எதிர்வீட்டுக்காரரின் புதுச் சட்டை வரை அவள் வாய்வழியாகத்தான் அவருக்கு எல்லாம்.

அவர் கடைசியாக வரைந்த படத்தை அட்டையில் போட்ட புத்தகம் அன்று காலை வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்தவள் அட்டையை இரண்டு முறை பார்த்தாள்.

அண்ணன் வரைந்தது, ஆற்றை அடைத்துப் படுத்திருக்கும் ஒரு பெரிய மிருகம். அதன் முதுகின் மேல் நடந்து அக்கரை போகிறாள் ஒரு சிறுமி. கையில் அணைந்த விளக்கு, மேலே இருண்ட சாம்பல் நிற வானம். வரையும்போதே அண்ணன் சொல்லியிருந்தார்: "விளக்கு எரியவே கூடாது. மிருகம் தூங்குதா முழிச்சிருக்கான்னு தெரியாமலே அவ நடக்கணும். பயமே அங்கதான் இருக்கு."

அச்சில் வந்த விளக்கோ மஞ்சளாய்ச் சுடர்விட்டது. வானம் பளிச்சென்று நீலம்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" அண்ணன் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துத் தடவினார்.

"அழகா வந்திருக்குண்ணா."

"வானம்?"

"நீ வச்ச அதே சாம்பல்."

"விளக்கு?"

"நல்லா தெரியுது."

"அந்த இருட்டுல அணைஞ்ச விளக்கு எப்படிடி நல்லா தெரியும்?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எரியுதுண்ணா. வானத்தையும் நீலமாக்கிட்டாங்க. நீ மனசு உடைஞ்சிடுவியேன்னுதான்..."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குரல் வந்த பக்கம் மெல்ல முகத்தைத் திருப்பினார்.

"அப்போ டாக்டர் சொன்னதையும் இப்படித்தான் மாத்திச் சொன்னியா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை, ஆசை இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. பார்வை இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னதை அன்றே அவரிடம் சொல்லியிருந்தாள். இப்போது 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும், அந்த முகம் மலர்ந்துவிடும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்லண்ணா. அதுல ஒரு எழுத்தைக்கூட நான் மாத்தல."

எதிர்வீட்டில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். அவர் விரல்கள் மறுபடி அட்டையைத் தடவின.

"மிருகத்தோட கண்ணு?" என்றார் அவர்.

"நீ போட்ட மாதிரியே இருக்கு. பாதி திறந்து."

"சத்தியமா?"

"சத்தியமாண்ணா."

"படுபாவிங்க. விளக்கைக் கொளுத்தி அவளைக் காட்டிக் குடுத்துட்டாங்க. பதிப்பகத்துக்குப் போனைப் போடு."

"பிள்ளைங்க பயந்துடக் கூடாதுன்னுதான் சார் வெளிச்சம் வச்சோம்," என்றார் பதிப்பகத்துக்காரர்.

"இப்பதான்யா பயம். வெளிச்சத்துல அது அவளைப் பார்த்துட்டிருக்கு."

அடுத்த பதிப்பில் மாற்றப் பார்ப்பதாகச் சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

கடைக்குக் கிளம்பியவளை அண்ணன் நிறுத்தினார். "சாயங்காலம் வந்து உள்ள இருக்கிற படத்தையெல்லாம் சொல்லு. உள்ளதை உள்ளபடி."

மாலையில் திரும்பி வந்து புத்தகத்தைப் பிரித்தாள். முதல் படத்திலேயே பதிப்பகத்தார் கைவைத்திருந்தார்கள். சொன்னாள்.