ஒரு பெட்டி, இரண்டு வயர்

சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் லுவீனியா ஸ்டோக்ஸைத் தெரியாதவர்கள் கிடையாது. வாரமெல்லாம் ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் மவுத் ஆர்கனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்துவிடுவாள். ஊதத் தெரிந்த ஆண்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர் உண்டு. பெண் அவள் ஒருத்திதான். அந்த மூச்சு மிசிசிப்பியிலிருந்து அவளோடு ரயிலேறி வந்தது. கூடவே வந்தவன் எல்ஜின், அவளைக் கைப்பிடித்தவன், கிடார்க்காரன்.

இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆம்ப்ளிஃபையர்தான். ரொட்டி டப்பாவைவிடச் சற்றே பெரிய மரப்பெட்டி. உள்ளே சில வால்வுகள், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர், வயர் செருக இரண்டு துளைகள். மேல் துளையில் அவனுடைய கிடார், கீழ்த் துளையில் அவளுடைய மைக். மாடி வீட்டு ஜன்னலிலிருந்து இறக்கிய கம்பியில் மின்சாரம் வரும்.

அந்தச் சின்னப் பெட்டி இரண்டு பேரைச் சுமக்க முடியாமல் திணறும். அவள் அழுத்தி ஊதும்போது கிடாரின் நாதம் அமுங்கிக் கரகரக்கும். பிறகு அழுது முடித்த பிள்ளை பேச வாயெடுப்பதுபோலத் தேம்பிக்கொண்டே மேலே வரும். அதைக் கேட்டால் வெங்காயம் வதக்குகிறவன்கூடக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான்.

அப்படி நின்று கேட்டவர்களில் ஒருவர் ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஹால்வர்சன். "தம்பி, இந்த மாதிரி கிடார் சத்தம் நான் எங்கயும் கேட்டதில்ல. ஸ்டுடியோவுக்கு வா. அந்தம்மா வரவேண்டாம், கிடார் மட்டும் போதும்" என்றார்.

எல்ஜினுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மறு ஞாயிறு, பாட்டு நடுவிலேயே குனிந்து அவளுடைய வயரை உருவிப் போட்டான்.

"பெட்டியில பாதிய நீயே தின்னுடுற புள்ள. நான் என்னிக்குத்தான் முழுசா வாசிக்கிறது?"

கூட்டம் சிரித்தது. "பாட்டு முடியறவரைக்குமாவது பொறுத்திருக்கலாமேப்பா" என்றான் ஒரு கிண்டல்காரன். லுவீனியா வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அந்த வாரமே எல்ஜினும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு பேட்டைக்குக் குடிபோய்விட்டான்.

ஸ்டுடியோவில் அவன் வாசித்தான். ஹால்வர்சன் உதட்டைப் பிதுக்கினார். "இது இல்லையேப்பா நான் கேட்டது."

பழி பெட்டிமேல் விழுந்தது. அதை விற்றுத் தலைமுழுகிவிட்டு வேறு பெட்டி தேடத் தொடங்கினான். அன்று பிடித்த பைத்தியம் வருஷக்கணக்கில் விடவில்லை. பெரிய பெட்டி வாங்கினான். அது எதற்கும் திணறாமல் கோயில் மணிபோலத் தெளிவாக ஒலித்தது. துக்கத்தைப் பாடும் ப்ளூஸ் இசைக்குத் தெளிவு எதற்கு? சின்னது வாங்கினான், தகரக் குவளைக்குள் அகப்பட்ட குளவிபோல அது இரைந்தது. வால்வுகளை மாற்றினான். ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறிக்கூடப் பார்த்தான். அந்தத் தேம்பல் மட்டும் வரவேயில்லை.

இந்தச் செய்தியெல்லாம் எதிர்வீட்டு வெர்சி மூலமாக லுவீனியாவுக்கு வந்துவிடும்.

"நேத்து இன்னொரு பெட்டியத் தூக்கிட்டுப் போனான்டி. சவப்பெட்டி தூக்கற மாதிரி மொகம்."

லுவீனியா சிரிப்பாள். நெஞ்சு மட்டும் எரியும். அந்த நாதம் எப்படி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவள் மூச்சு அந்தப் பெட்டியை நெரித்ததால்தான் அவன் கிடார் அழுதது.

"தெரிஞ்சா சொல்லி அனுப்பேன்டி" என்றாள் வெர்சி.

"அவன் வாயால வரட்டும்க்கா. 'அது உன் மூச்சு, லுவீனியா'ன்னு ஒரு தடவ சொல்லட்டும். அன்னிக்கே கதவத் தொறந்து உள்ள விட்டுடறேன்."

பெண் மனம் எவ்வளவு சின்ன விலைக்குக் காத்துக் கிடக்கிறது!

பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை மத்தியானம், அடுப்பில் கீரை வெந்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தாள். மீசை நரைத்த எல்ஜின் நின்றிருந்தான். முதுகில் கிடார், கையில் அவர்களுடைய அதே பழைய பெட்டி.

"ஒரு சலூன்ல கெடந்துச்சு புள்ள. அதே வால்வுதான், பிரிச்சுப் பாத்துட்டேன். ஆனா சத்தம் செத்துப் போயிருக்கு. திங்கக்கிழமை கடைசி தடவையா கேக்கறேன்னு ஹால்வர்சன் சொல்லியிருக்கார். உனக்குப் பாம்புக் காது. எங்க கோளாறுன்னு கேட்டுச் சொல்லு."

அவள் வழிவிட்டாள். சமையலறை மேஜையில் பெட்டியை வைத்து வாசித்தான். நாதம் மெலிந்து, யாரும் இல்லாத வீட்டில் குழாய் சொட்டுவதுபோலக் கேட்டது.

லுவீனியா உள்ளே போய் மைக்கை எடுத்து வந்தாள். கீழ்த் துளையில் செருகினாள். மவுத் ஆர்கனை உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு தாழ்வாக ஊத ஆரம்பித்தாள்.

பெட்டி திணறியது. கிடார் அமுங்கியது, கரகரத்தது, தேம்பியபடி எழுந்தது. எல்ஜினின் விரல்கள் நின்றுவிட்டன. கண்களிலிருந்து நீர் வழிந்தது.

அவள் உதடுகளை எடுத்தாள். "புரியுதா?"

"புரிஞ்சுபோச்சு புள்ள."

அவள் மவுத் ஆர்கனை மேஜைமேல் வைத்துவிட்டு அவன் பக்கம் குனிந்தாள்.

"கீழ் ஓட்டைதான் கோளாறு. இத்தன வருஷமா துருப்புடிச்சுக் கெடந்திருக்கு. நீ செருகினதும் தேஞ்சு சரியாயிடுச்சு."

லுவீனியா பெட்டியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "நல்லாப் பாரு எல்ஜின். உள்ள எத்தன வயர் போகுது?"

"ரெண்டு. அதத்தானே சொல்றேன், ரெண்டு ஓட்டையும் வேல செய்யுது."

"சரி, என் வயரப் புடுங்கிட்டு ஒரு தடவ வாசிச்சுப் பாரு."

"வேணாம் புள்ள. வால்வு பழசு. இருக்கற உயிரத் திங்கக்கிழமைக்கு வச்சுக்கறேன்." அவன் அவசரமாக வயர்களைக் கழற்றினான். "சூடு ஆறாம கொண்டுபோயிடணும்." தன் கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குச் சுற்றினான், காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல அவ்வளவு பதனமாக. "என் தங்கமே" என்றான். பெட்டியிடம்தான் சொன்னான்.

"சாப்பிட்டுப் போறியா?" அடுப்பை அணைத்தபடி கேட்டாள்.

"இன்னொரு நாள் வரேன்."

வெறும் சட்டையோடு பனியில் இறங்கி நடந்துவிட்டான்.

வெர்சி தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். "சொன்னானாடி?"

"சொன்னான்க்கா. துருவாம்."

"அட கடவுளே. நீயே உடைச்சுச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? திங்கக்கிழம மறுபடி அவமானப்பட்டு வருவானே."

"அவன் செருகச் சொல்லாமலே செருகினேன். ஊதச் சொல்லாமலே ஊதினேன். அதுக்கு மேலயும் நானே சொல்லித்தான் தெரியணும்னா, அப்படித் தெரிஞ்சு எனக்கு என்னக்கா ஆகப்போவுது?"

வெர்சி தெருவைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கதவின் மேல்பக்கம் தாழ்ப்பாள் ஒன்று உண்டு. எல்ஜின் எப்போதாவது திரும்பினால் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாமென்று அத்தனை வருஷமும் லுவீனியா அதைப் போட்டதேயில்லை. இப்போது போட முயன்றாள். துருவேறிப்போய் அது அசைந்து கொடுக்கவில்லை. சமையல் எண்ணெயைச் சொட்டுவிட்டு, செருப்பால் அடித்து அடித்து, கடைசியில் போட்டே விட்டாள்.