ராதாபுரத்தில் அரை விநாடி

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருடம் இயற்பியல் நடத்தினேன். சூரியக் குடும்பத்தைக் கரும்பலகையில் வரையும்போது, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சாக்பீஸைப் படுக்கவைத்து ஓர் இழுப்பு இழுப்பேன். அதுதான் சிறுகோள் பட்டை. கோளாகத் திரள முடியாமல் போன மிச்சம், வியாழனின் ஈர்ப்பு அவற்றைச் சேரவிடவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அவற்றில் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தலைகுனிந்திருப்பேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு தொலைநோக்கி வாங்கினேன். அதைப் பற்றிக் கேட்கப்போன இடத்தில்தான் ராதாபுரத்து அண்ணாச்சி பழக்கமானார். பிளாஸ்டிக் குழாய், மோட்டார் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தன் கடைக் குழாயிலேயே ஒரு தொலைநோக்கி செய்து, பனைமரங்களுக்கு மேலே சனியின் வளையத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வளையம் தெரிய இரண்டு மாதமானது. அவர் தொலைபேசியில் வழி சொல்லித்தான் தெரிந்தது.

வானம் பார்க்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. ஒரு தை மாதம் அதில் ஒரு கணிப்பு வந்தது. பெயர்கூட இல்லாமல் எண் மட்டும் உள்ள ஒரு சிறுகோள், அடுத்த மாதம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோகும். அப்போது அந்த நட்சத்திரம் மூன்று நான்கு விநாடி மறையும். பாறையின் நிழல் பூமியில் ஒரு பட்டையாக ஓடும். அந்தப் பட்டை பாளையங்கோட்டை மேலும் கல்லிடைக்குறிச்சி மேலும் போகிறது.

நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் நிழல் விரியாது, குறுகாது. பாறை எத்தனை அகலமோ நிழலும் அத்தனை அகலம். நாற்பது கிலோமீட்டர் இருக்கலாம் என்றார்கள். பூமியும் வியாழனும் தங்கள் எடையாலேயே உருண்டையாகிவிட்டவை. இந்தச் சின்னப் பாறைகளுக்கு அந்த எடை கிடையாது. சேனைக்கிழங்கு மாதிரி எப்படி வேண்டுமானாலும் இருக்கும். எந்தப் பெரிய தொலைநோக்கியிலும் இது வெறும் புள்ளி. ஆனால் பல ஊர்களில் ஆட்கள் நின்று, நட்சத்திரம் எப்போது மறைந்தது, எப்போது திரும்பியது என்று குறித்தால், அதன் உருவத்தை வரைந்துவிடலாம்.

நாங்கள் இருந்தது மூன்று பேர். நான் கல்லிடைக்குறிச்சி. என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியை வீட்டு மொட்டைமாடியைக் கேட்டு வாங்கினேன். பாளையங்கோட்டைக்கு என் கணவர். அவர் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவர். வானத்தில் அவருக்கு அக்கறை கிடையாது. ஆனாலும் எங்கள் மாடியில் இரட்டைக்குழல் தொலைநோக்கியோடு நிற்க ஒத்துக்கொண்டார். காலமெல்லாம் தாளம் எண்ணியவனுக்கு விநாடி எண்ணத் தெரியாதா என்றார்.

அண்ணாச்சிக்குத்தான் வருத்தம். ராதாபுரம் நிழல் பட்டைக்கு வெகுவாகத் தெற்கே இருந்தது.

"இங்கன ஒண்ணும் தெரியாதுன்னு நீங்களே சொல்லுதீங்க. அப்புறம் எதுக்கு டீச்சர் நான் பாக்கணும்?"

மறையவில்லை என்பதும் ஒரு தகவல்தான், நிழல் எங்கே முடிகிறது என்று அதில்தான் தெரியும் என்று விளக்கினேன். சரி, சும்மா பார்க்கிற வேலை எனக்கு என்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் கல்லிடைக்குறிச்சியில் இறங்கும்போது பிசான நெல் அறுப்பு முடிந்து வயல்களெல்லாம் தாளடியாகக் கிடந்தன. தமிழாசிரியை வீட்டு மாடி, பகலில் அப்பளம் காயப்போடுகிற மாடி. உளுந்து வாசனை இன்னும் இருந்தது. எதிர்வீட்டில் சொல்லி வாசல் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். மணி ஏழே முக்கால் நெருங்கும்போது கிழக்கே ஒரு மேகக்கீற்று வந்தது. நட்சத்திரம் மங்கியது. மேகம் பைய விலகியது. மூன்று ஊரிலும் ஒரே நேரத்துக்கு ஒத்துவைத்த கைபேசிகளில் ஒன்று என் பக்கத்தில் விநாடிக்கு ஒரு தடவை 'டிக்' என்று ஒலித்து, எங்கள் குரலையும் பதிந்துகொண்டிருந்தது.

நட்சத்திரம் மங்கிப் பிறகு மறையும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இருந்தது, இல்லை. யாரோ அழித்த மாதிரி. "போச்சு" என்று என் வாய்தான் சொன்னது. அந்தக் கருப்பில் ஒரு மலை நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை, அதன் வெளிச்சம் துளிகூட என் கண்ணுக்கு வரவில்லை. ஆனால் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அந்தக் கல்லின் நிழலுக்குள் நானும் தமிழாசிரியையும் அந்தத் தெருவும் ஆறும் வயலும் இருந்தோம். தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. நட்சத்திரம் திரும்பியது. "வந்துட்டு" என்றேன். என்னையறியாமல் அழுதுகொண்டிருந்தேன். தமிழாசிரியை என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்று பதிவுகளையும் கேட்டோம். என் கணவரின் "போயிட்டு" எனக்கு இரண்டு விநாடி முந்தி விழுந்திருந்தது. பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிற தூரத்தை நிழல் இரண்டு விநாடியில் தாண்டியிருக்கிறது. ஆனால் நட்சத்திரம் திரும்பியதை அவர் சொல்லவே இல்லை. வெறும் 'டிக்', 'டிக்'. பிறகு மெல்லிய குரலில் "ஆண்டவரே". தாளம் தப்பாதவர் எண்ணுவதை மறந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணாச்சியின் பதிவில் எதுவும் இருக்காது என்று நினைத்துக் கடைசியாகத்தான் போட்டேன். என் "வந்துட்டு"க்குப் பிறகு எட்டாவது 'டிக்'கில் அவர் குரல் கேட்டது. "போ..." என்று தொடங்கி, சொல்லை முடிக்காமல், "இருக்கு, இருக்கு" என்றது. அரை விநாடிதான்.

அவரைக் கூப்பிட்டேன். கண் சிமிட்டியிருக்கலாமா, நட்சத்திரம் காற்றில் ஆடியிருக்கலாமா என்று கேட்டேன்.

"நான் கண்ணு சிமிட்டல டீச்சர். அது போயிட்டு வந்துச்சு. நீங்க நம்பலேன்னாலும் அது போயிட்டு வந்துச்சு."

குழுவுக்கு எல்லாவற்றையும் அனுப்பினோம். எங்கள் இருவருடையதையும் ஏற்றுக்கொண்டார்கள். ராதாபுரம் பற்றி மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்: அந்தப் பாறையைச் சுற்றும் சின்ன நிலவாக இருக்கலாம், காற்றின் சலனமாகவும் இருக்கலாம், ஒருவர் மட்டும் பார்த்ததை வைத்து முடிவு சொல்ல முடியாது. அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவர்கள் சொல்வது நியாயம்தான் என்றார். அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் அந்தப் பதிவை அடிக்கடி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க, அந்த முடியாத சொல்லை நம்பினேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் கடிதம் வந்தது. வேறொரு தேசத்தில், வேறொரு நட்சத்திரத்தை அதே பாறை மறைத்தபோது, இரண்டு பேர் தனித்தனி ஊர்களில் இன்னொரு சின்ன மறைவையும் குறித்திருந்தார்கள். ராதாபுரத்துக் கணக்கும் அதோடு பொருந்துகிறது என்று எழுதியிருந்தார்கள். ஆறேழு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு நிலவு.

உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள் போல. பொறுங்கள் என்று சொல்லிவிட்டு யாருக்கோ குழாய் அளந்து கொடுத்துவிட்டு வந்தார். கடிதத்தை வாசித்தேன்.

"எத்தனை காலமா அங்கன சுத்திக்கிட்டு இருக்கும் டீச்சர்?"

தெரியாது என்றேன். இந்த ஆறும் பொதிகை மலையும் உண்டாவதற்கு முன்னாலிருந்தே இருக்கலாம் என்றேன்.

கடையை விட்டு வெளியே வந்து நிற்பதாகச் சொன்னார். அவரைச் சுற்றி வண்டிச் சத்தம் கேட்டது. மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். காலை பதினொரு மணி, சுள்ளென்ற வெயில். போனை வைக்காமல் நானும் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.