ரோட்டு நடுவில் பத்துத் தடவை

ராஜபாளையத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறேன். என்னிடம் வந்தால் கழுதைகூட கியர் போடும் என்று பீற்றிக்கொள்வேன். அந்தத் திமிரை அசைத்துப் பார்த்தவள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒரு ராணுவக்காரரின் மனைவி.

அவள் லைசென்ஸ் எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கணவர் லீவில் வந்தபோது வாங்கி விட்டுப்போன கார் வீட்டில் உறை போர்த்திக் கிடந்தது. அவள் அப்பாவுக்கோ பக்கவாதம் வந்து இடது கை விளங்காமல் போயிருந்தது. வாரம் மூன்று நாள் ராஜபாளையத்தில் பிசியோதெரபி. ஆட்டோக்காரர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இப்படி விட்டுவிட்டுச் செய்தால் விரல்கள் மடங்கினபடியே இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

மைதானத்தில் அவள் ஓட்டுவதைப் பார்த்து அசந்துபோனேன். இரண்டு கல்லுக்கு நடுவே ரிவர்ஸில் ஒரே தடவையில் நிறுத்தினாள். ரோட்டில் ஏறியதும் வேறு ஆளாகிவிடுவாள். பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்தால் போதும், ஓரங்கட்டிவிட்டு அழுவாள்.

"நடு ரோட்ல ஆஃப் ஆயிட்டா பாக்குறவுக என்ன நினைப்பாக? ஓட்டத் தெரியாதவன்னு சிரிப்பாகல்லக்கா?"

எனக்குப் போன் செய்வதற்கு முன்புகூட, பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வாளாம். நானும் புத்தி கெட்டுப்போய், "உன்ன மாதிரி சுத்தமா ஓட்ட ஆளில்லை" என்று பாராட்டிக்கொண்டே இருந்தேன். பாராட்டப் பாராட்ட அவளுக்குப் பயம் கூடியது. காப்பாற்ற வேண்டிய பெயரை நான்தான் அவள் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைக்க ஒரு மாதம் பிடித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய் அவள் காரை எடுக்கச் சொன்னேன். என் வண்டியில் எல் போர்டு உண்டு. அதைப் பார்த்தால் ஊர் மன்னித்துவிடும். அந்த மன்னிப்பு அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

"இன்னைக்குப் பத்துத் தடவ வண்டிய ஆஃப் பண்ணணும். மெதுவாப் போற ரோட்டுல, ஆளு பாக்கும்போது."

"வேணும்னேவாக்கா?"

"வேணும்னேதான். ஆஃப் ஆனதும் யாரையும் பாக்காத. கையெடுத்து மன்னிப்புக் கேக்காத. அஞ்சு எண்ணிட்டுப் பொறவு எடு."

ஒரு டீக்கடை முன்னால் கிளட்ச்சை விட்டாள். வண்டி குலுங்கி நின்றது. அவள் முகம் வெளுத்துவிட்டது. பெஞ்சிலிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு வடையைக் கடித்தார். "பாத்தியா, அவருக்கு வடைதான் முக்கியம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான்காவது தடவைதான் மூச்சு கொஞ்சம் சீரானது.

ஏழாவது தடவை, தேரடிப் பக்கம். பின்னால் ஒரு மினி பஸ். டிரைவர் தலையை நீட்டி, "ஏம்மா, ஓட்டத் தெரியலேன்னா வீட்ல இருக்க வேண்டியதுதான!" என்று கத்தினார். நாலு வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்த அதே பேச்சு. எனக்கு ரத்தம் கொதித்தது. சண்டைக்குப் போகக் கதவைத் திறந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"இருங்கக்கா. இப்பத்தான் மூணு எண்ணிருக்கேன்."

நாலு, அஞ்சு. சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது. முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு? மிச்சம் மூன்றையும் அவளே இடம் பார்த்துச் செய்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரமே அப்பாவை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் வர ஆரம்பித்தாள். பயம் முழுசாகப் போகவில்லை என்றுதான் இன்றும் சொல்கிறாள். பயத்தோடேயே ஓட்டுகிறாள், அது போதும்.

சில மாதங்கள் கழித்து, மார்க்கெட் அருகே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஹாரன் சத்தம். நடுவில் அவள் கார், இந்தத் தடவை நிஜமாகவே ஆஃப் ஆகி நின்றது. பதறிப்போய்க் கிளாஸைக் கீழே வைத்தேன். அதற்குள் இடது பக்கக் கண்ணாடி இறங்கி, அவள் அப்பாவின் இடது கை வெளியே வந்தது. விரல்கள் முழுசாக நீளவில்லைதான். ஆனாலும் அந்தக் கை மெள்ள மெள்ள அசைந்து, பின்னால் நின்றவர்களை ஒதுங்கிப் போகச் சொன்னது. டீக்கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.