அண்ணன் சட்டைக்குள் கொண்டுவந்த முட்டைகள்

எங்கள் அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி அழாமல் எப்படி எழுதுவது என்று தயங்கினேன். எழுத உட்கார்ந்ததும் சிரிப்புதான் வந்தது. உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் பிறந்தது கேரி தீவுத் தோட்டத்தில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது. லோரி வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். என் கணவர் மறைந்த பிறகு என் மகளுக்கும் தகப்பனாக நின்றார். ஓய்வு பெற்றதும் கிள்ளான் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்த்தார். அண்ணிக்கு அதில் உடன்பாடில்லை.

என் மகளின் முப்பத்தைந்தாவது வயதில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. முன்பு இரண்டு இடம் பேசி நின்றுபோனதால் எனக்கு ஒரே படபடப்பு. மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டிய அன்றைக்குத்தானா அந்தச் சிவப்புக் கோழி சோதிக்க வேண்டும்? அது அடையிருந்த பதினோரு முட்டையில் எட்டு முந்தைய நாளே பொரித்துவிட்டன. குஞ்சுகள் தீனிக்கு ஓட, கோழியும் அவற்றோடு இறங்கிவிட்டது. மிச்சம் மூன்றும் ஆறிக்கொண்டிருந்தன. ஒன்றின் ஓட்டில் மட்டும் மயிரிழை விரிசல். அண்ணன் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டார்.

“உள்ள உயிரு இருக்கு.”

“ஏங்க, மணி எட்டாச்சு. அதெல்லாம் கூமுட்டைலா, தூக்கிப் போடுங்க,” என்றார் அண்ணி.

அண்ணன் மூன்றையும் துண்டில் சுற்றிப் பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு காரில் ஏறியது எனக்குத் தெரியாது. தொப்பை போட்டுவிட்டதென்றே நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா தலைமையாசிரியையாக இருந்தவர். “பொண்ணுக்கு ஏன் இவ்ளோ லேட்டு?” என்று அவர் கேட்ட அந்த நொடியில் அண்ணன் வயிற்றிலிருந்து ‘கீச்’ என்றது.

“உங்க ஃபோனாண்ணே?” என்றார் அந்த அம்மா.

அண்ணன் இருமிப் பார்த்தார். மறுபடியும் கீச். அவருக்குப் பொய் வராது.

“இல்லீங்கம்மா. முட்டை.”

பொத்தானைக் கழற்றித் துண்டை எடுத்து, தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில் விரித்தார். உள்ளே இரண்டுதான் இருந்தன. எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. விரிசல் விட்டதை உரித்துவிட மாப்பிள்ளை கை நீட்டினார். அதுவரை வாயே திறக்காத அவருடைய அப்பா துள்ளி எழுந்தார்.

“டேய், கை வைக்காத! பிச்சா ரத்தம் வந்துரும். சம்பந்தி, கொஞ்சம் பொறுங்க, மேசை லைட்டு கொண்டாரேன், சூடா இருக்கட்டும்.”

‘சம்பந்தி’ என்ற சொல் காதில் விழுந்ததும் என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகையையும் மண்டபத்தையும் யாரும் பேசவில்லை. மாலை நான்கு மணிக்கு ஈரக்குஞ்சு ஒன்று ஓட்டை உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது. கைதட்டியவர் தலைமையாசிரியை அம்மாள்.

வீட்டில் சிவப்புக் கோழி புதிய குஞ்சைக் கொத்த வந்தது. அண்ணன் மற்ற எட்டையும் பிடித்து ஒரு பெட்டியில் போட்டு, இதையும் நடுவில் கலந்து, சற்றுப் பொறுத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கோழியிடம் விட்டார். கோழிக்கு எண்ணத் தெரியவில்லை. ஒன்பதையும் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. மிஞ்சிய முட்டையையும் அதன் அடியில் வைத்தார். மறுநாள் மதியம் அதுவும் பொரித்தது.

மூன்றாவது எங்கே போனது என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. வெயிலில் நின்ற காரில், இருக்கைக்கு அடியில், ‘டப்’ என்று வெடித்தது. அண்ணி ஒரு மாதம் அந்தக் காரில் ஏறவில்லை.

அண்ணன் கடைசியாக மருத்துவமனையில் இருந்த நாள்களில், அதே அண்ணிதான் காலையில் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்து அவர் காதருகே செய்தி சொல்வார்.

“செவப்பு மறுபடி அடைக்கு உக்காந்துருச்சுங்க.”

“எத்தன வெச்ச?”

“பத்து.”

“பொரிக்காதத அவசரப்பட்டுத் தூக்கிப் போட்றாத,” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அவரைப் பார்த்துக்கொண்ட தாதியர்க்கும், எங்களுக்கு வேளை தவறாமல் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும், தோள் கொடுத்துச் சுமந்த சம்பந்திக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. இன்று படையலுக்கு வைத்த கோழிக்கறி பாசாரில் வாங்கியது. வீட்டுக் கோழியில் கைவைக்க அண்ணி சம்மதிக்கவில்லை. அனைவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

— தங்கை