மாட்டைத் தொலைத்தவர் மாதிரி

அப்பா காணாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் தேடுகிறேன். அன்று திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் எனக்காக மைக்கில் பேசியவரின் பெயர்கூடத் தெரியாது.

ஒல்லியான ஆள். சட்டைக் காலருக்குள் கைக்குட்டையை மடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்னாலும் அதை எடுத்து மைக்கைத் துடைப்பார்.

அப்பாவுக்கு ஞாபகம் தப்பியிருந்தது. நான் டீ வாங்கித் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். அறிவிப்பு அறைக்கு ஓடிப்போய் மைக்கில் பேசுபவரிடம் அடையாளம் சொன்னேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நரைத்த தலை.

“அப்படி இங்க நூறு பேரு நிக்கிறாங்கண்ணே. பார்க்க எது மாதிரி இருப்பாரு?”

“மாட்டைத் தொலைச்சவரு மாதிரி நிப்பாரு.”

அவர் சிரிக்கவில்லை. மைக்கைத் துடைத்துவிட்டு அதை அப்படியே சொன்னார்.

வெளியே ஒரு கண்டக்டர் கத்தினார். “அண்ணே, தேடுறது ஆளையா, மாட்டையா?”

ஆனால் ஜனங்களுக்குப் புரிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் மூன்று பெரியவர்களைக் கைபிடித்துக் கூட்டி வந்தார்கள். மூன்று பேரும் அப்படித்தான் நின்றார்கள். ஒருவரும் என் அப்பா இல்லை.

மைக்கில் பேசியவர் அவர்களை பெஞ்சில் உட்காரவைத்தார். அவர்களுடைய ஆட்களையும் மைக்கில் கூப்பிட்டார். பிறகு அதை அணைக்காமலே என் பக்கம் திரும்பினார்.

“இம்புட்டுப் பேரு அப்படி நிக்கிறாங்களேண்ணே. ஒங்க அப்பாவுக்கு மட்டும் உள்ளதா ஒண்ணு சொல்லுங்க.”

நாற்பது வருஷம் அப்பாவோடு இருந்தவன் நான். ஒன்றும் வரவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பஸ் ஸ்டாண்டு முழுக்க என் மூச்சு மட்டும் கேட்டது.