வாய்க்கால் கரை வல்லாரை

போன வருஷத்துக்கு முதல் வருஷம், ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்தது இது. டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு விடுமுறை ஊர். மணல் மேடுகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மரவீடுகள். கோடையில் ஜேர்மன்காரரும் டெனிஷ்காரரும் வந்து நிறைந்து விடுவார்கள். மற்ற மாதங்களில் யன்னல்களெல்லாம் சாத்திக் கிடக்கும். அந்த வீடுகளைக் கூட்டித் துடைத்துப் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை எனக்கு நிரந்தரமாகக் கிடைத்தது. அதனால் நானும் மனைவியும் அந்தப் பெப்ரவரியில் தலைநகருக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயை விட்டு அங்கே குடிபோனோம்.

ஹ்விடோவ்ரேயில் இருந்தவரை சாமான் வாங்குவதை நான் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. வேலை முடிந்து வருகிற வழியில் தமிழ்க்கடை. முருங்கைக்காய், பொன்னாங்காணி, கறிவேப்பிலை, கடைக்கார அண்ணையோடு நாலு கதை. புது இடத்தில் இருந்தது ஒரேயொரு கடை. அதுவும் விடுமுறைக்கு வருகிறவர்களை நினைத்து வைத்த கடை. உள்ளே போனால் அடுப்புக்கரி, சொசேஜ், வைன், ஐஸ்கிரீம், கடலில் மிதக்க விடுகிற ரப்பர் முதலை. மரக்கறிப் பக்கம் உருளைக்கிழங்கும் கரட்டும் வெள்ளரிக்காயும். அரிசியைப் பையோடு கொதிக்கப் போடுகிற மாதிரிச் சின்னப் பொட்டலங்களில் விற்றார்கள். பச்சை மிளகாய் வந்தால் வரும், வராவிட்டால் அடுத்த கிழமை. தமிழ்க்கடைக்குப் போவதென்றால் காரில் ஒன்றரை மணித்தியாலம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டெனிஷ் ஓரளவு கதைப்பேன், வாசிப்பதுதான் கஷ்டம். போதாததற்குப் பிறவியிலேயே பயந்த ஆள். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். அந்த நேரம் பயத்துக்குச் சரியான காரணமும் இருந்தது. எட்டு வருஷம் காத்திருந்து, மூன்று தரம் வைத்தியம் செய்து, மனைவி ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தாள். பச்சை மீன் வேண்டாம், ஈரல் வேண்டாம், காய்ச்சாத பாலில் செய்த சீஸ் வேண்டாம் என்று மருத்துவத் தாதி சொல்லி அனுப்பியிருந்தார். கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்துப் போனைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்ப்பேன். அதையும் நம்பாமல் காசாளர்ப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டி, இதைக் கர்ப்பிணி சாப்பிடலாமா என்று கேட்பேன். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. முழங்கை வரை பச்சை குத்தியிருப்பார். என் தலையைக் கண்டதும் மூச்சை இழுத்து விடுவார். எனக்குப் பின்னால் வரிசை நீளும்.

"உங்களுக்குப் பயந்து அந்த மனுசி வேலையை விடப்போறா," என்பாள் என் மனைவி.

அவளுக்கு இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு என்றார்கள். கொடுத்த குளிசை குமட்டியது. சாப்பாடே இறங்கவில்லை. என்னதான் வேண்டும் என்று கேட்டால், "வல்லாரைச் சம்பல்" என்பாள். ஒரு தரம் அதற்காகவே ஒன்றரை மணித்தியாலம் ஓடிப்போனேன். முதல்நாளே முடிந்துவிட்டது என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் இரண்டு வீடு முடித்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். வீடுகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் கரையில், பற்றைகளுக்குக் கீழே ஈர மண்ணில், பாய் விரித்ததுபோலப் பச்சை இலைகள். வட்டமாக, காம்படியில் பிளந்து, மெல்லிய காம்போடு. நான் அப்படியே குந்திவிட்டேன். வல்லாரை! இரண்டு மாதமாக நான் தேடித் திரிந்த கீரை வீட்டுக்குப் பின்னாலேயே கிடந்திருக்கிறது.

ஒன்றைக் கசக்கி மணந்து பார்த்தேன். புல் மணம்தான் வந்தது. குளிர் நாட்டில் மணம் குறையும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்கு இருந்த பயம் வேறு. அடுத்தவன் காணியில் பிடுங்குகிறேனோ, யாரும் பார்க்கிறார்களோ என்று நாலு பக்கமும் பார்த்தேன். நாய்கள் மூத்திரம் பெய்திருக்குமே என்று யோசித்து, கரையிலிருந்து தள்ளி உள்ளே கைவிட்டுப் பறித்தேன். அவசரத்தில் சிலது வேரோடும் வந்தது. ஒரு பை நிறைந்தது.

"இஞ்சாரும், கண்ணை மூடிக்கொண்டு வாரும்."

"என்னப்பா, திரும்பவும் தண்ணிக்குழாய் ஒழுகுதோ?"

பையைத் திறந்து காட்டினேன். அவள் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாலுக்குத் திகதி மூண்டு தரம் பாக்கிற மனுசன், வாய்க்கால் கரையில புல்லுப் புடுங்கிக்கொண்டு வந்து நிக்கிறார்."

"புல்லில்லையப்பா, வல்லாரை. வடிவாப் பாரும்."

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போனவள். கீரையைச் சந்தையில் கட்டாக வாங்கித்தான் பழக்கம். "ஓம், அதுதான் போல," என்றாள். நான் ஊரில் வளர்ந்தவன், எனக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

உப்புத் தண்ணீரில் ஐந்து தரம் கழுவினேன். நாய் மூத்திரம் மனதில் இருந்ததால் ஆறாவது தரம் வினாகிரி விட்டும் கழுவினேன். மெல்லிசாக அரிந்தேன். கேக் சாமான் தட்டில் வாங்கிய தேங்காய்த்தூளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, சிவப்பு வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி, உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்தேன். வல்லாரைச் சம்பலை அடுப்பில் வைப்பதில்லை. பச்சையாகத்தான் சாப்பிடுவோம்.

சோறும் பருப்பும் சம்பலுமாக அவள் சாப்பிடத் தொடங்கினாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக இரண்டாம் தரமும் சோறு போட்டாள். நான் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாயிருக்கு. ஆனா சரியான காரம்."

"ரெண்டு மிளகாய்தானே போட்டனான்."

"அப்ப டென்மார்க் மிளகாய்க்கும் ரோசம் வந்திட்டுது போல."

நானும் ஒரு வாய் வைத்தேன். காரம்தான். ஆனால் மிளகாய்க் காரம் நாக்கின் நுனியில் பிடித்துப் பிறகு இறங்கும். இது உதட்டிலும் தொண்டையிலும் ஊசி ஊசியாகக் குத்தியது. தண்ணீர் குடித்தும் போகவில்லை. மிளகாயை மாற்றிவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டு, கோப்பையைக் கழுவக் குசினித் தொட்டியடிக்குப் போனேன்.

அங்கே வேரோடு வந்ததென்று நான் கழுவாமல் ஒதுக்கி வைத்த செடிகள் கிடந்தன. வேரில் கொத்தாகச் சின்னக் கிழங்குகள் தொங்கின. வல்லாரை நிலத்தில் கொடிபோல ஓடும், அதற்குக் கிழங்கு இல்லை. வேரைத் தண்ணீரில் அலசியபோது இலைக்குள் மடிந்திருந்த மொட்டு ஒன்று நிமிர்ந்தது. மெழுகு பூசியதுபோல மினுங்குகிற மஞ்சள் பூ.

வல்லாரைக்கு மஞ்சள் பூ வராது. போனில் படம் எடுத்துத் தேடினேன். படம் கலங்கியிருந்தது. இரண்டு பெயர் காட்டியது. ஒன்று சாப்பிடலாம் என்றது, மற்றது நஞ்சு என்றது. அவசர இலக்கத்துக்கு எடுத்தால் என்ன செடி என்று கேட்பார்கள், நான் என்ன சொல்வது? வெளிநாட்டுக்காரன் புல்லைத் தின்றுவிட்டுப் போன் எடுக்கிறான் என்று சிரிக்க மாட்டார்களா? ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவளைப் பயப்படுத்தினால் அதுவே பிள்ளைக்குக் கூடாதே? குழாயைத் திறந்து விட்டு, கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாருங்கோ," என்று மேசையிலிருந்து அவள் குரல் வந்தது. "என்ர நாக்கு விறைச்ச மாதிரிக் கிடக்கு. வயிறும் என்னவோ செய்யுது."

பூவைக் கொண்டுபோய்க் காட்டினேன். இப்பதான் கண்டனான் என்றேன். அவள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்தாள்.

"சத்தி எடுக்கட்டோ?"

"தெரியாது."

"பிள்ளைக்கு என்னவும் செய்யுமோ?"

"எனக்குத் தெரியாதப்பா."

சுற்றிவர நூறு வீடு, ஒரு வீட்டிலும் ஆளில்லை. ஆள் இருப்பது நிச்சயம் என்று எனக்குத் தெரிந்த இடம் அந்தக் கடை ஒன்றுதான். அவளைக் காரில் ஏற்றி, வேரோடிருந்த செடியை எடுத்துக்கொண்டு கடை வாசலில் நிறுத்தினேன். அவளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

வரிசையில் மூன்று பேர் நின்றார்கள்.

இந்த நாட்டில் வரிசையை வெட்டி முன்னால் போவது சின்ன விஷயமில்லை. கரிப் பொதியோடு நின்ற ஒரு பெரிய உடம்புக்காரர் உரத்து அதட்டினார். காசாளர்ப் பெண்ணும் என்னைக் கண்டு, பொறு என்பதுபோல உள்ளங்கையைக் காட்டினார். திரும்பவும் ஏதோ பொட்டலம் என்று நினைத்திருப்பார். எனக்கு டெனிஷ் ஒரு சொல்லும் வரவில்லை. வேரும் கிழங்குமாக இருந்த செடியைச் சாமான் நகரும் பட்டியில் வைத்தேன். பட்டி ஓடியது. இரண்டு சொசேஜ் பொட்டலங்களுக்கு நடுவில் அது மெல்ல அவரிடம் போய்ச் சேர்ந்தது.

அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். டெனிஷ் பெயர் ஒன்றைச் சொன்னார்.

"சாப்பிட்டோம்," என்றேன்.

"பச்சையாகவா?"

"ஓம்."

"பூத்த பிறகா? யார் சாப்பிட்டது?"

கண்ணாடிக்கு வெளியே, காருக்குள் இருந்தவளைக் கையால் காட்டினேன்.

அவர் பட்டியை நிறுத்தினார். தன் போனை எடுத்து, நஞ்சு பற்றிக் கேட்கும் இலக்கத்துக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எத்தனை மாதம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு தாதி கேட்டார். நான் தட்டுத் தடுமாறிச் சொன்னதையெல்லாம் இவர் திருத்தித் திருத்திச் சொன்னார். வாயைக் கொப்பளிக்கட்டும், பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும், சத்தி எடுக்க வைக்க வேண்டாம் என்றார் தாதி. சொல்லி முடிக்க முதல், என்னை அதட்டிய மனிதர் கரியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பால் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்துகொண்டு காரடிக்குப் போய்விட்டார். பெரும்பாலும் பெரிய பாதிப்பு வராது, ஆனாலும் கர்ப்பிணி என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பதுதான் நல்லது என்று தாதி முடித்தார்.

கார்த் திறப்பு என் கையில் கிலுகிலுவென்று ஆடிக்கொண்டிருந்தது. காசாளர்ப் பெண் அதைப் பார்த்தார். பின்னறையில் நின்ற இன்னொருவரைக் கூப்பிட்டுக் காசு மேசையில் இருத்திவிட்டு, என் கையிலிருந்து திறப்பை வாங்கிக்கொண்டார்.

நாற்பது நிமிஷ ஓட்டம். நான் பின் சீட்டில் மனைவியோடு இருந்தேன். அவள் இரண்டு தரம் பைக்குள் சத்தி எடுத்தாள்.

"அசையுதோ?"

"கொஞ்சம் பொறுங்கோ."

"இப்ப அசையுதோ?"

"நீங்கள் இப்பிடிக் கேட்டுக்கொண்டிருந்தா அது பயத்திலயே அசையாது."

முன்னாலிருந்து அந்தப் பெண் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். பூக்க முதல் அந்த இலையை டெனிஷ்காரர் சிலரும் பாணில் வைத்துச் சாப்பிடுவார்களாம். பூ வந்துவிட்டால் தொடமாட்டார்களாம். "நீங்கள் இரண்டு கிழமை பிந்திப்போனீர்கள்," என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மனைவியைப் படுக்க வைத்து, வயிற்றில் களி பூசி, சின்னக் கருவியொன்றை வைத்து அங்குமிங்கும் நகர்த்தினார்கள். வெறும் இரைச்சல். இன்னொரு பக்கம் வைத்தார்கள். திரும்பவும் இரைச்சல். நான் தாதியின் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கேட்டது, குதிரை ஓடுவதுபோல, டக்டக்கென்று. மனைவி வாய்விட்டு அழுதாள். கடை ஏப்ரனோடு வாசலில் நின்ற பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பின்னேரம் வரை வைத்திருந்து பார்த்துவிட்டு, தாயும் பிள்ளையும் சுகம் என்று அனுப்பினார்கள். நடைபாதையில் அந்தப் பெண்ணிடம், வரிசையை வெட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "எத்தனை பொட்டலத்தை என்னிடம் கொண்டுவந்து கேட்டிருப்பீர்கள்! இதை மட்டும் ஏன் கேட்கவில்லை?" என்றார்.

அந்தக் கேள்வி பல மாதம் என்னை விடவில்லை. எழுத்துத் தெரியாத பொட்டலத்துக்கெல்லாம் பயந்தேன், கேட்டேன். எனக்குத் தெரியும் என்று நினைத்ததை யாரிடமும் கேட்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. தெரியாது என்று தெரிந்த பிறகோ, கேட்க வெட்கமாக இருந்தது.

மகளுக்கு இப்போது ஒன்றரை வயது தாண்டிவிட்டது. நான் இன்னும் பயந்தவன்தான், இனி மாறப்போவதில்லை. ஆனால் அந்த மஞ்சள் பூவைக் கண்ட பிறகும், யாரும் சிரித்துவிடுவார்களோ என்று குழாயடியில் நான் நின்றது ஐந்து நிமிஷமாவது இருக்கும். அதை இதுவரை என் மனைவியிடம் சொல்லத் துணிவு வராததால், இதை வாசித்துத்தான் அவள் அறியப்போகிறாள், அதன் பிறகு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பது என்று இருக்கிறேன்.